முனைகளைத் தின்ற சேற்றுக்கல்

ஸ்டோர்கீப்பருக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி இழுக்கிற ஆள். பாறையைத் துளைத்துக் கல் எடுக்கும் கம்பெனியில் சாமான் அறை அவர் பொறுப்பு. துளை இயந்திரம் ஓட்டுவது அவருடைய ஒரே மகளின் புருஷன். கேட்க வேண்டுமா?

வாரக் கணக்கில் உழைக்கும் இயந்திரத்தின் துளை முனை திடீரென்று ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மழுங்கியதைக் கொடுத்துவிட்டுப் புதிது கேட்டு வந்து நின்றான் மருமகன்.

"என்ன மாப்ள, கடிச்சுத் தின்றீங்களா?"

"கீழ போகப் போகக் கல்லு ரொம்பக் கெட்டியா இருக்கு மாமா."

"சேறு இறுகின கல்லுதானே. மேல இருக்கறதும் அதேதானே?"

புதியதை வெளியே விற்றுவிட்டு, எங்கேயோ கிடந்த பழையதைக் கொண்டுவந்து காட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். பெண்ணைக் கொடுத்தவர், கூப்பிட்டு வைத்து நேரில் கேட்டிருக்கலாம். அதுதான் அவருக்கு வராதே. நேராகப் போய் மேனேஜர் காதில் போட்டார்.

மறுநாளே மருமகனை வேலையிலிருந்து நிறுத்தி, வீட்டைச் சோதனை போட ஆள் அனுப்பினார்கள். மாவு டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். ஒன்றும் அகப்படவில்லை. 'பலே கில்லாடி, எங்கே பதுக்கினானோ' என்றுதான் அப்போதும் அவர் நினைத்தார்.

இயந்திரத்துக்கு வேறு ஆள் வந்தான். அவன் கையிலும் முனை ஒரே நாளில் மொட்டையானது. அதன் பிறகுதான் ஸ்டோர்கீப்பருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. கம்பெனியில் கல் ஆராயும் அம்மாளிடம் போனார். அவள் இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தாள். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். மேலே எடுத்ததில் கத்தி சுலபமாகக் கோடு போட்டது. ஆழத்தில் எடுத்ததில் கத்திதான் தேய்ந்தது.

"இது கடலடிச் சேறு. கண்ணுக்குத் தெரியாத உயிருங்களோட ஓடு இதுல கோடிக்கணக்குல கிடக்கு. அந்த ஓடு கண்ணாடி மாதிரி, சிலிக்கா. ஆழத்துல சூடு ஏற ஏற அது கரைஞ்சு, திரும்பப் படிஞ்சு, கடைசில குவார்ட்ஸா, கத்தியைவிடக் கெட்டியான கல்லா இறுகிடும். பாக்க வித்தியாசமே தெரியாது. அவரு பொய் சொல்லல."

மருமகனை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலமே ஸ்டோர்கீப்பர் மகள் வீட்டுக்குப் போனார். மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். போட்டுக்கொடுத்தது யாரென்று மகளுக்குத் தெரியாது என்றே நம்பியிருந்தார்.

கதவைத் திறந்த மகள் 'வாங்கப்பா' என்று சொல்லவில்லை. பீரோ சாவியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"அவரு குளிக்கிறாரு. வெளிய வர்றதுக்குள்ள பாத்துட்டுப் போயிடுங்கப்பா."