கோழி என்று சொன்னேன்

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு பச்சை பேட்ஜ் கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பசுமைப் படையில் சேர்ந்தவர்களுக்குத் தருவது. அதைச் சீருடையில் மட்டுமல்ல, வீட்டுச் சட்டையிலும் குத்திக்கொண்டு திரிந்தேன். கொக்கு, நாரை, மடையான் எதைப் பிடித்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம், தின்றாலும் குற்றம் என்று டீச்சர் சொன்னதை ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். கேட்கிறவர்கள் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

அது ஐப்பசி. சம்பா நடவு முடிந்து வலங்கைமான் பக்கத்து எங்கள் ஊர் வயலெல்லாம் தண்ணீர். தண்ணீர் நின்றால் மடையான் கொக்கு வந்துவிடும். உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் வெள்ளை. எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மழை மாதங்களில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. வரப்போரம் நைலான் நரம்பில் கண்ணி வைப்பார். பக்கத்தில், இமைகளை நூலால் தைத்த கொக்கு ஒன்றைக் குச்சியில் கட்டி நிறுத்துவார். அது பயப்படாமல் நிற்கிறதே என்று நம்பி மற்றவை இறங்கும்.

அந்தத் தைத்த கண்களை ஒரு சனிக்கிழமை பார்த்துவிட்டேன். அழுகை வந்தது. திங்கட்கிழமை டீச்சரிடம் சொன்னேன். அவர் தம் போனில் வனத்துறைக்கு எண் போட்டு என்னிடமே தந்தார். எந்த ஊர், எந்த வாய்க்கால், தண்ணீர் கட்டுகிறவர் எத்தனை மணிக்குக் கண்ணியைப் பார்க்க வருவார் என்று படபடவென்று சொன்னேன். மாலையில் பசுமைப் படை முழுவதும் எனக்குக் கைதட்டியது.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மடையான் வேண்டுமென்று அவரிடம் கேட்பது என் சித்தப்பா. "ஏம்ப்பா, மழ புடிச்சிருச்சு. நாலு உருப்படி பாரேன்" என்பார். அம்மா மிளகைத் தூக்கலாகப் போட்டு வைக்கிற குழம்பை மூக்கு ஒழுக ஒழுக நானும்தான் தின்றேன். வேண்டுமென்றே மறைக்கவில்லை. அவர் பிடிப்பது பறவை, நாங்கள் தின்பது குழம்பு. இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளே வருவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வந்தது அடுத்த சனிக்கிழமை, அதுவும் ஒரே ஒரு வனக்காவலர். ஒரு கையில் இறக்கை முறுக்கிய நான்கு மடையான். இன்னொரு கை தண்ணீர் கட்டுகிறவரின் தோளில். நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்குத்தான் புடிச்சேங்கிறாரு."

"எங்க வீட்டுக்கா? நல்லாருக்கே கத!" என்றார் சித்தப்பா. "ஏம்ப்பா, நாங்க கேட்டமா?"

"என்னங்க, நீங்கதானே..." என்று தொடங்கியவர் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. காவலர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "எப்பவும் புடிச்சவன்தான் ஆப்புடுறான். புடிக்கச் சொன்னவன் ஆப்புட மாட்டேங்கிறான். ஒருத்தராவது வாயத் தொறங்க. இங்கேருந்து கடல் வரைக்கும் கொக்கு பறக்குது, நான் ஒத்த ஆளு."

"அப்ப நீங்களும் பறந்து வாங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

அடுப்படியிலிருந்து மிளகு வாசம் வந்தது. முந்தின நாள் வந்த மடையான் இரண்டும் கொதித்துக்கொண்டிருந்தன. காவலரின் பார்வை என் பேட்ஜில் நின்றது. என் உயரத்துக்குக் குனிந்தார்.

"பசுமைப் படையா பாப்பா? அப்ப பொய் சொல்ல மாட்ட. உள்ள என்ன குழம்பு?"

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். சித்தப்பா வானத்தைப் பார்த்தார். தண்ணீர் கட்டுகிறவர் மட்டும் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சட்டென்று ஒரு தெளிவு. சின்னப் பிள்ளை, உள்ளதைச் சொல்லிவிடும் என்று நம்பியிருக்க வேண்டும்.

"கோழி" என்றேன். யாரும் கேட்காமலே, "நாட்டுக்கோழி சார்" என்று சேர்த்தும் சொன்னேன்.

காவலர் உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். சுற்றி அத்தனை பேர் நிற்க, ஒற்றை ஆளாக ஒரு வீட்டு அடுப்படிக்குள் எப்படிப் போவார்? பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பறவைகளைக் கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி, ஊர்க்காரர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து என்றதும் கூட்டம் கரைந்தது. கடைசியில் சித்தப்பாதான் முன்னால் வந்தார்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"படிக்க என்ன சார் இருக்கு? சட்டம்னா சட்டந்தான்."

அவர் கையெழுத்துக்குக் கீழே அப்பா போட்டார். "ஆமாங்க, நானாத்தான் புடிச்சேன்" என்றார் தண்ணீர் கட்டுகிறவர், யார் முகத்தையும் பார்க்காமல். கடைசியில் அவரே உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. காவலர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மத்தியானம் அந்தக் குழம்பை ஊற்றித்தான் சாப்பிட்டோம். "கெட்டிக்காரி, அவளுக்கு இன்னொரு துண்டு வைங்க அண்ணி" என்றார் சித்தப்பா. அம்மா வைத்தாள். தின்றேன்.

இப்போது நானே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பறவைகளைப் பற்றிப் பேசுகிறேன். சட்டத்தைச் சொல்வேன், தண்டனையைச் சொல்வேன். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொன்னதில்லை.

அன்று பிடித்துப்போன பதினைந்து நாள் கழித்துத் தண்ணீர் கட்டுகிறவர் வேலைக்குத் திரும்பினார். ஒற்றை வரப்பில் எதிரும் புதிருமாகச் சந்தித்தால், என் இரண்டு கைகளையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, அந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றும் நான் கைகளை நீட்டினேன். அவர் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி, தலை குனிந்து வழி விட்டார். நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன், அதற்கான மரியாதை இது என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனேன்.