வளைந்த காலும் மாசி மகமும்

என் கால்கள் வில்லாக வளைந்தவை. சாமி தூக்கும் குடும்பத்தில் பிறந்தும், "நீ தள்ளாடினா பல்லக்கும் ஆடும்டா" என்று பெரியப்பா மகன், என் அண்ணன், என்னைத் தோள் கொடுக்க விட்டதே இல்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலணிக்குள் பாதத்துக்கு அடியில் வைக்க, வெளி ஓரம் உயர்ந்த உள்ளட்டை ஒன்று கொடுத்தார்கள். செருப்பில் அது நிற்காது என்பதால், வேட்டியோடு ஷூ போட்டுத் திரிந்தேன். "இன்னா அண்ணாத்த, ஆபீசர் ஆயிட்டியா?" என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்.

ஆனால் சாமி தூக்கப் போனால் ஷூ ஏது? அதனால் ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்த பயிற்சியையும் நான் விடவில்லை. தொடையில் ரப்பர் பட்டையைச் சுற்றிக் காலை விரித்து இழுத்தேன். பல் துலக்கும்போதுகூட ஒற்றைக் காலில் நின்றேன்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு வந்த ஒரு மாசி மகம். மாமல்லபுரம் கடற்கரையில் சாமியைக் கடலாட்டப் பல்லக்குத் தூக்க ஆள் குறையவே, வேறு வழியில்லாமல் என்னைச் சேர்த்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு ஈர மணலில் இறங்கினேன். அலை திரும்பும்போது காலடி மணலை இழுத்துக்கொண்டு போனது. எனக்கு முன்னால் நின்ற அண்ணன் சரிந்தான். பல்லக்கின் பாரம் என் தோளில் இறங்கியது. நான் அசையவில்லை.

கரையேறியதும் அண்ணன் குனிந்து என் பாதத்தைப் பார்த்தான்.

"இன்னாடா போட்டுகினு நின்ன?"

"ஒண்ணும் போடலண்ணே. அதே வளைஞ்ச காலுதான்."