உளுந்து காய்ந்த பாதி ரோடு

கார் சக்கரம் ஏறும்போது காய்ந்த உளுந்துச் செடி 'படபட'வென்று வெடிக்கும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு பரீட்சைக் காலைதான் ஞாபகம் வரும். பங்குனி பிறந்தால் நீடாமங்கலம் போகும் ரோட்டில் பாதி எங்கள் ஊருக்குக் களம்தான். செடியைப் பரப்பிவிட்டால், வேளாங்கண்ணிக்குப் போகிற கார்கள் கூலி கேட்காமல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். சைக்கிள் ஏறினால் செடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அப்படியானால் சைக்கிள்காரன் எங்கே போவது? ஊருக்கே ஒரே பதில்: "ஓரமாப் போடா."

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பரீட்சை. மார்க் வந்தால் நர்சிங். வராவிட்டால் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. அப்படிப்பட்ட காலையில்தான் நான் விளையாட்டாக அவள் செருப்பில் ஒன்றை வைக்கோல்போரில் செருகி வைத்தேன். செருப்பு கிடைத்தது, பஸ் போய்விட்டது. அப்பாவின் சைக்கிளில், அவளைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்தேன்.

ஊர் சொன்னபடி ஓரமாகவே போனேன், அவ்வளவு நல்ல பிள்ளை! தார் முடிந்து மண்ணுக்கு ஒரு சாண் பள்ளம். அந்த விளிம்பிலேயே ஓட்டினேன். உளுந்தில் ஏறத் தயங்கிய ஒரு கார், நான் விட்ட இடமே போதுமென்று உரசிக்கொண்டு நுழைந்தது. இருவரும் பள்ளத்தில் கிடந்தோம். அக்கா விழுந்தது வலது கையை ஊன்றி.

உளுந்தைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்தார். "பொண்ண வச்சுக்கிட்டு ஓரமாப் போகக் கூடாதாடா?"

"ஓரமாத்தாங்க போனேன்."

"இன்னும் ஓரமாப் போறது!"

"அதுக்கு மேல வாய்க்கால்தாங்க இருக்கு."

அக்கா தாவணியில் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "நடுவுல ஓட்டுடா. இடம் விட்டா நுழையத்தான் பாப்பாங்க. விடலன்னா பின்னால வருவாங்க."

ஓட்டினேன். பின்னால் ஒரே ஹாரன். ஒருவர் தலையை நீட்டி, "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுதாடா?" என்றார்.

"பாதி எங்கப்பாவுதுங்க, உளுந்து காயுது பாருங்க!" என்று அழுதுகொண்டே கத்தினேன். திட்டிக்கொண்டேதான் வந்தார்கள், யாரும் உரசவில்லை.

பள்ளிக்கூடக் கதவைச் சாத்தும் நேரத்தில் உள்ளே விட்டார்கள். ஆனால் வீங்கிய கையால் கடைசிக் கேள்விகளை அவளால் எழுத முடியவில்லை. பாஸ்தான், நர்சிங்குக்குப் போதவில்லை. வைகாசியில் கல்யாணம். பந்தியில் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தேன். மூன்றாம் தரம் வந்தபோது இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அந்த ரோட்டோரத்தில் நின்ற புளியமரங்கள் இப்போது இல்லை. உளுந்தை மெஷின் அடித்துவிடுகிறது. ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். போன மாதம் அக்காவின் மகன் கார் ஓட்ட, நாங்கள் மூவரும் போனோம். முன்னால் ஒரு பெண், தோழியைக் கேரியரில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை ஒட்டி மிதித்துக்கொண்டிருந்தாள். அவன் ஹாரனில் கை வைத்தான்.

"அடிக்காதடா. பின்னாலயே போ," என்றாள் அக்கா.

"இடம் இருக்கும்மா."

"இருக்கட்டும்."

அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் திரும்பும்வரை அவர்கள் வேகத்திலேயே போனோம். பின்னால் வந்த வண்டிகள் எங்களைத் திட்டித் தீர்த்தன. அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை.