இரண்டு சிவப்பு நூல்களும் கோமதி அக்காவும்

முதலில் ஒரு வேண்டுதல். அக்காவுடன் ஆய்வகத்தில் இருந்த உங்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். அவளை நினைத்து ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். என் பக்கத்தை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக, அப்பாவிடம் காட்டாதீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு சாயப்பொடி வைக்கும் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை சிவப்பு. அதனால் போனை நான்தான் எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தேன். ஜவ்வாது மலையில் ஓடையைக் கடக்கும்போது அக்கா வழுக்கி விழுந்துவிட்டாள் என்றது ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து, உயிர் இல்லை என்றது. அப்பா நூலைக் கொதிநீரிலேயே விட்டுவிட்டார். அன்று அந்த அடுப்பை யார் அணைத்தார்கள் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அக்காவின் ஆய்வு உங்களுக்குத் தெரியும். எனக்கு அவள் சொன்ன விதம்தான் தெரியும். மலையின் கிழக்கே ஒரு ஓடை, மேற்கே ஒரு ஓடை. இரண்டிலும் விரல் நீள மீன், வால் அருகே கறுப்புப் புள்ளி. எல்லோரும் ஒரே இனம் என்கிறார்கள், அக்காவுக்கு மட்டும் சந்தேகம். "பாக்க ஒரே மாதிரிதானே இருக்குது?" என்று கேட்டேன். "உங்க ஸ்கூல்ல எல்லாரும் ஒரே யூனிஃபார்ம்தான் போட்டுக்கினு வர்றீங்க. அதுக்காக எல்லாரும் ஒரே வூட்டுப் புள்ளைங்களா?" என்றாள். துடுப்பின் ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டிக்கொண்டு மீனை ஓடையிலேயே விட்டுவிடுவாள். அந்தத் துணுக்கின் மரபணுவைப் படித்தால் எது எதற்கு உறவு என்று தெரிந்துவிடுமாம். "மாப்பிள்ளைக்கு ஜாதகம் பாக்க வுடமாட்டேங்கிற, மீனுக்கு மட்டும் பாக்கிறியா?" என்று அம்மா கேட்டாள். "மீன் வூட்ல வரதட்சணை கேக்கமாட்டாங்கம்மா" என்று அக்கா சிரித்தாள்.

இனி வருவதைத்தான் யாரும் படிக்கக் கூடாது.

முதல் முறை மலைக்குப் போனவள் நேராக வீட்டுக்கு வந்தாள். நல்ல காய்ச்சல். இரண்டு பைகள் நிறையச் சின்னக் குப்பிகள். ஒரு பை கிழக்கு ஓடை, மற்றது மேற்கு. ஒவ்வொரு குப்பியிலும் ஆல்கஹாலில் ஊறும் ஒரு துடுப்புத் துணுக்கு. "ஓடை பேரை எழுதி ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சீட்டுப் போட்டுட்டு, எல்லாத்தையும் ஒரே பெட்டியில அடுக்கிடுமா. பென்சில்ல எழுது. பேனான்னா கரைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். எனக்கு மறுநாள் பரீட்சை. சீட்டு எழுதச் சோம்பல். அப்பா சாயம் போட்டதில் மீந்த நூல் அருகில் கிடந்தது. கிழக்குக்கு அரக்குச் சிவப்பு, மேற்குக்குக் குங்குமச் சிவப்பு என்று ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு துண்டு நூலைப் போட்டேன். மற்றவர்களுக்கு இரண்டும் சிவப்புதான். வீட்டுக்கு வீடு பட்டுத் தறி ஓடும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அரைத் தூக்கத்திலும் பிரித்துச் சொல்வோம். அதோடு, அப்பாவின் சாயம் போகாது. அதை அவர் சொல்லாத நாளே இல்லை.

காலையில் "போட்டியா?" என்றாள். "போட்டேன்" என்றேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஃபிரிட்ஜில் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்துத் திறந்தாள். எல்லா நூலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தது. எல்லாக் குப்பியிலும் ஒரே சிவப்பு நீர். தண்ணீரில் போகாத சாயம் ஆல்கஹாலில் கரைந்துவிட்டது. திட்டுவாள் என்று நின்றேன். ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு வகைன்னு கண்டுபிடிச்சிடலாம். எது எந்த ஓடைன்னுதான் சொல்ல முடியாது. ஊர் தெரியாத மீனை வச்சிக்கினு என்னா பண்றது?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாத. அவரு சாயம் போச்சுன்னா தாங்கமாட்டாரு. சீட்டுப் போட நான்தான் மறந்துட்டேன்னு மேடம்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள்.

போனில் அப்படியே சொன்னாள், திரும்பப் போய் எடுத்து வருகிறேன் என்றும் சொன்னாள். அவள் ஆய்வைப் பார்த்துக்கொண்ட உங்கள் மேடம், "இப்போ போகாத கோமதி. மழை விடட்டும், மீன் எங்கயும் போயிடாது" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். "சரி மேடம்" என்றாள் அக்கா. அடுத்த வாரம் குப்பிகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மறுநாள் விடியற்காலை பஸ் ஏறிவிட்டாள்.

நாளைக் காலை அப்பாவும் சித்தப்பாவும் கல்லூரிக்குப் போகிறார்கள். "ஒரு தபா போய் வந்த பொண்ண மழையில திரும்ப ஏன் அனுப்புச்சு அந்தம்மா? பதில் சொல்லாம நான் எழுந்து வரமாட்டேன். போலீசுலயும் எழுதிக் குடுப்பேன்" என்று அப்பா சோற்றைத் தொடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் போக வேண்டாம் என்றது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா எதற்காகத் திரும்பப் போனாள் என்பதும்.

அவளுடைய பொருட்களில் நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். சீட்டு எழுத அன்று என்னிடம் கொடுத்த, அவள் பல்லால் கடித்த தடம் உள்ள பென்சில். அதில்தான் இதை எழுதுகிறேன். சீட்டுகளை அன்றைக்கு இதில் எழுதியிருந்தால் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

கதவு தட்டுகிறது.

"உள்ள யாரும்மா? லைட்டு எரியுது."

அப்பா. அவர் இன்னும் தூங்கவில்லை. முதல் பத்தியில் அப்பாவிடம் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். இந்தப் பக்கத்தோடு கதவைத் திறக்கப் போகிறேன்.