அமலோற்பவமேரி ஓடிய ஓட்டம்

14.6.2009 – ஐந்து குதிரைத்திறன் மோட்டார் – ரூ. 19,400
3.2.2017 – ஆட்டோ ஸ்டார்ட்டர், திண்டிவனத்தில் வாங்கியது – ரூ. 3,150
22.9.2021 – கறவை மாடு ஒன்று – ரூ. 46,000
1.12.2024 – புயல் மழை – சேதம், மதிப்புப் போடவில்லை

வளவனூருக்கும் கண்டமங்கலத்துக்கும் நடுவில், ரயில் மேட்டுக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் கரும்பும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் மாற்றி மாற்றிப் போட்டு, மகள் பவுலினைப் படிக்கவைத்து, திண்டிவனத்தில் கட்டியும் கொடுத்தவர் அமலோற்பவமேரி. கணவர் லூர்துநாதன் இறந்த பிறகு எல்லாம் ஒற்றை ஆளாகத்தான். இப்படி நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்த பொருள்களில் அவருக்கு உயிர் அந்த ஆட்டோ ஸ்டார்ட்டர்.

காரணம் உண்டு. வயலுக்கான மும்முனை மின்சாரம் இஷ்டப்பட்ட நேரத்தில் வரும், போகும். சோற்றில் கை வைத்தால் வரும். கோயிலில் பூசை தொடங்கினால் வரும். அப்படியே எழுந்து வயலுக்கு ஓடுவார். ஆட்டோ பொருத்திய பிறகு கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடியது. ஒரே நிபந்தனை, மெயின் சுவிட்ச் மேலேயே இருக்க வேண்டும். அதனால் கரண்ட் போனாலும் மெயினை இறக்கும் பழக்கம் அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. திரும்பி வரும்போது ஓடட்டும் என்றுதானே ஆட்டோவே!

புயல் அன்று சனிக்கிழமை கரண்ட் போனது. மேரியின் மெயினும் மேலேயேதான் இருந்தது.

ஞாயிறு விடிந்தபோது வயலைக் காணோம். மலட்டாற்றுத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, வரப்பு, வாய்க்கால், கிணறு எல்லாம் ஒரே செம்மண் நிறம். செவ்வாய்க்கிழமை காலை வெயில் அடித்தது. தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியது. மோட்டார் கொட்டகையை ஒட்டிய எருமேட்டில் மேரியின் மாடு மட்டும் நின்று கத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகப் பட்டினி. ஊர் மொத்தமும் ரயில் மேட்டில் நின்று பார்த்தது.

மேரிக்கு நீச்சல் தெரியாது. கையைப் பிசைந்தார். அப்போது ஒருவர் மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பார்த்தால் பக்கத்து நிலத்து வேங்கடேசன்! வாய்க்கால் தகராறில் பதினொரு வருடமாக மேரியோடு பேசாத வேங்கடேசன்!

அவர் மனைவி கோவிந்தம்மாளுக்கே நம்ப முடியவில்லை. "மூஞ்சிய பாக்காதவரு மாட்ட பாக்கப் போறாரு பாரு!" என்றார்.

"வாயில்லாத ஜீவன். மாடா எங்கூட சண்ட போட்டுச்சு?" என்றார் வேங்கடேசன் திரும்பாமலே.

"கெணறு! கெணறு! வலக்கைப் பக்கம் போவாதீங்க!" ஊரே கத்தியது. அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்குச் சுவர் கிடையாது. தரையோடு தரையாக வாய் பிளந்து கிடக்கும்.

"அந்தக் கெணறு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த வரப்புல ஒவ்வொரு சாணுக்கும் சண்ட போட்டவன்யா நானு!"

கூட்டம் சிரித்தது. மேரிக்கும் சிரிப்பு வந்தது. கழியால் குத்திப் பார்த்துக் குத்திப் பார்த்து, முள்வேலியை விலக்கி, மிதந்து வந்த பாம்பு ஒன்றைத் தள்ளிவிட்டு அவர் போன அழகே அழகு. இனி என்ன பயம்!

"டேய், கரண்ட் வருதுடா!" என்று யாரோ கூவினார்கள். தூரத்தில், ரயில் மேடு தார் ரோட்டைத் தொடும் இடத்தில், டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஆட்கள். கூட்டம் விசிலடித்தது. மூன்று நாளாகச் செத்துக் கிடந்த செல்போன்கள் எல்லாருடைய கையிலும். மேரியும் கை தட்டினார். இரண்டு தட்டுத் தட்டியிருப்பார்.

சட்டென்று உறைத்தது. மெயின் மேலே இருக்கிறது! ஸ்டார்ட்டர் பெட்டி தண்ணீருக்குள் இருக்கிறது!

"அண்ணே! வாணாம், திரும்பி வந்துடுங்க!" பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த 'அண்ணே' அவர் வாயில் வந்தது. "மாடு போனா போவுது! வாங்கண்ணே!"

வேங்கடேசனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, உம் மாட்ட நான் புடிச்சாந்தா கௌரவம் கொறஞ்சி போவுதா? புடிச்சாந்து உன் வாசல்ல கட்டுறனா இல்லயா பாரு!"

"கரண்டுண்ணே! மெயின இறக்கல!"

அதற்குள் காற்று எதிர்த்திசைக்குத் திரும்பியிருந்தது. மாடு வேறு கத்தியது. அவர் காதில் எதுவும் விழவில்லை. கொட்டகையை நோக்கி இன்னும் வேகமாகப் போனார்.

மேரி செருப்பை உதறினார். புடவையைத் தூக்கிச் செருகினார். ஓடினார்!

ஐம்பத்திரண்டு வயது, மூட்டு வலி, வெறுங்கால், அடியில் கருங்கல் ஜல்லி. தண்டவாளக் கட்டைகளில் கால் வைத்து ஓடினார். சறுக்கி விழுந்து, முழங்கால் பிய்ந்து, எழுந்து மறுபடி ஓடினார். பின்னால் கோவிந்தம்மாள், விஷயம் புரிந்தோ புரியாமலோ, "ஜல்தி போ மேரி, ஜல்தி போ!" என்று அலறியது கேட்டது. டிரான்ஸ்பார்மரில் ஏறியிருந்தவர் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சுவிட்சின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

மேரி அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார். இருவரும் சேற்றில் உட்கார்ந்தார்கள்.

"யாரும்மா நீ? பைத்தியமா?"

"தண்ணில ஆளு... கொட்டாவுல... ஆட்டோ போட்டுக்கீது சார்..."

அவர் பெயர் ஆனந்தராஜ். புயல் வேலைக்காக வெளியிலிருந்து வந்த குழுவின் தலைவர். ஊர் புதிது, அந்த வயல்கள் தெரியாது. ஆனால் வேலை தெரிந்தவர். பட்டென்று எழுந்தார்.

"மெயின இறக்கலயா?"

"ஆட்டோ வெச்சவ எவ சார் இறக்குறா?"

"உன்து மட்டுந்தானா? இந்த டிரான்ஸ்பார்மர்ல எத்தன மோட்டார் இருக்கு?"

"ஏழு."

"எல்லாத்துலயும் ஆட்டோவா?"

"எல்லாத்துலயும் சார்."

ஆனந்தராஜ் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் பாதிப்பேர், கரண்ட் வரப்போகிற குஷியில், மிதக்கும் சாமான்களைப் பிடிக்க ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். அவர் கைப்பிடியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னா பேஜாருடா சாமி" என்றார் மெதுவாக.

மேரி நொண்டிக்கொண்டு திரும்பியபோது வேங்கடேசன் மாட்டோடு மேட்டில் நின்றிருந்தார். மாடு வைக்கோலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"நான் ஒதபட்டு மாட்ட கொணாந்துக்கினு கீறேன், நீ எங்கம்மா ஓடிப் போயிட்ட?"

கோவிந்தம்மாள் சொன்னார். சொல்லச் சொல்ல வேங்கடேசன் முகம் மாறியது.

"கயிறு சிக்கிக்கிச்சு. அத அவுக்குற வரைக்கும் கொட்டா கதவத்தான் புடிச்சிக்கினு நின்னேன்" என்றார். "இரும்புக் கதவு."

கோவிந்தம்மாள் புருஷன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு அழுதார்.

அன்று மாலை வேங்கடேசன் மேரியின் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "உன் நெலம் பள்ளம். எந்த வெள்ளம் வந்தாலும் அந்தக் கொட்டா முழுவும். எம் மேட்டுல ஓரமா ஒரு எடம் தர்றேன், தூக்கி அங்க வெச்சிக்கோ. அடுத்த தபா ஓட உனக்குக் காலு இருக்காது" என்றார்.

ஏழு கொட்டகைகளையும் பார்த்து, மெயின்களை இறக்கி, காயவைத்த பிறகே வயலுக்குக் கரண்ட் வந்தது. அதிலிருந்து மழை அறிவிப்பு வந்தால் போதும், மேரி மற்ற ஆறு பேருக்கும் போன் போடுவார்: "மெயின இறக்கினியா?" ஊர் அவருக்கு 'மெயின் மேரி' என்று பெயர் வைத்தது. அவர் கோபித்துக்கொள்வதில்லை. இறக்கினாயா இல்லையா என்பதற்குப் பதில் வரும் வரை போனை வைப்பதும் இல்லை.

மின் இணைப்பை வேங்கடேசன் மேட்டுக்கு மாற்ற மின்வாரியத்தில் மனுப் போட்டார்கள். நிலக்காரர் சம்மதம் வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. வேங்கடேசன் கையெழுத்துப் போட்டார். வரைபடம் வேண்டும் என்று அடுத்தது. அவரே விழுப்புரம் போய் வாங்கி வந்தார். அனுமதி வரட்டும் என்று மேரி சொல்லச் சொல்லக் கேளாமல், தன் மேட்டில் புதுக் கொட்டகைக்குக் கடைக்காலும் தோண்டி முடித்துவிட்டார். மாற்றிக்கொள்ளலாம் என்ற கடைசிக் கடிதத்தைத் தபால்காரர் அந்தக் கடைக்கால் ஓரத்தில்தான் மேரியிடம் கொடுத்தார். கடிதம் வந்த நாள் 11.8.2025, திங்கட்கிழமை.