காலிப் பெட்டிக்கு அக்கா வைத்த பொட்டு

அக்கா இல்லை என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. காலையில் "தம்பி, மழ வரும், குடைய எடுத்துக்கோ" என்று சொன்னவர், மதியம் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உங்கள் முன் எழுந்து பேச எனக்குக் கூச்சம். ஆறாம் வகுப்போடு நின்றவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தார். அப்பா இறந்ததும், பதினேழு வயதில், தெலுக் பங்லிமா காராங்கில் வெளிநாட்டார் மலேசியாவுக்கு வந்து திறந்த மின்விசிறி மோட்டார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அப்போது அங்கே மோட்டார் பூட்டும் லைன் ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து முதலீடு வர வர மெஷின்கள் வந்தன, லைன் நான்கானது. அக்கா மூன்றாம் லைனுக்கு லீடர் ஆனார். என்னையும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சேர்த்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டில்தான் கடைசிவரை இருந்தார்.

இந்த ஆண்டு, கம்பெனி மூடப்போகிறது என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். மூன்றாம் லைன் பெண்கள் பதினோரு பேரும் அங்கே போகக் கிளம்பினார்கள். அக்காதான் தடுத்தார்.

"ஞாயித்துக்கிழமகூட ஓவர்டைம் குடுக்கிறான். மூடப் போறவன் இவ்ளோ செய்யச் சொல்வானா லா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆயுத பூஜைக்கு முன்தினம் பெரிய மரப்பெட்டிகள் வந்து இறங்கின. புது மெஷின் என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆண்டுதோறும் மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும் அக்கா, இந்த முறை பெட்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சை வெட்டினார்.

"என்னக்கா, உள்ள மாப்பிள்ளையா இருக்காரு?" என்று கேலி செய்தாள் மூன்றாம் லைன் வள்ளி.

"ஆமாடி. நாலு லைனுக்கும் சோறு போடப் போற மாப்பிள்ள."

பூஜை முடிந்த மறுநாள் ஒரு பெட்டியை ஃபோர்க்லிஃப்டில் தூக்கினேன். கனமே இல்லை. அடுத்ததும் அப்படித்தான். எல்லாமே காலி. எங்கள் மெஷின்களைக் கழற்றி வேறு நாட்டுக்கு அனுப்ப வந்த பெட்டிகள் என்றார் ஸ்டோர்காரர். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன்.

"காலியா? எல்லாமுமா?"

"எல்லாம்தான்க்கா."

"அப்ப ஓவர்டைம்?"

"அந்த நாட்டுல மெஷின மாட்டி ஓட விடுற வரைக்கும் விக்கிறதுக்குச் சரக்கு வேணுமாம். ஸ்டோர்காரர் சொன்னாரு."

அக்கா பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தார்.

மறுநாளிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், "நான் தப்பா சொல்லிட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பக்கத்துத் தொழிற்சாலையில் அதற்குள் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். வேறு கம்பெனிகளின் வாசல் வாசலாக நின்று அவர்களுக்காகக் கேட்டார். தனக்கென்று எங்கும் கேட்கவில்லை. கடைசியாக வள்ளி; அன்று லீவு போட்டு அவளை ஒரு கம்பெனிக்குக் கூட்டிப் போனார். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, காவலாளி போட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அக்காவைத் தாங்கிப் பிடித்த அந்தக் காவலாளிக்கும், அன்று எங்களுக்குச் சமைத்துத் தந்த அண்டை வீட்டாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய கோயில் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மூன்றாம் லைன் சகோதரிகளே, உங்களை ஒரே நீலச் சட்டையில்தான் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். எட்டாம் நாளன்று எங்கள் வாசலில் பச்சை, மஞ்சள், சாம்பல் என்று வெவ்வேறு கம்பெனிச் சட்டைகளில் வந்து நின்றீர்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. புது வேலையில் அதற்குள் அரை நாள் லீவு எடுத்தீர்களே என்று அக்கா திட்டியிருப்பார். நான் கைகூப்புகிறேன்.