பதினொரு வாசல்கள்

எதையும் நோட்டில் எழுதி வைப்பது மூன்றாம் வகுப்பிலிருந்தே என் வழக்கம். ஒரு நவராத்திரியில் மட்டும் பொய் எழுதினேன்.

மயிலாப்பூரில் அந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. கொலுவுக்கு அழைக்க வேண்டிய பதினொரு வீடுகளை அம்மா சொல்லச் சொல்ல வரிசையாக எழுதிக்கொண்டு, பட்டுப்பாவாடையும் குங்குமச் சிமிழுமாகக் கிளம்பினேன். முதல் வாசலில் அழைப்பு மணியைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே பாத்திரச் சத்தம், ரேடியோ, யாரோ சிரிப்பது எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டன. கை எழவில்லை. நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். இப்படிப் பதினொரு டிக்.

மறுநாள் மாலை அம்மா அடுக்கு நிறையச் சுண்டல் செய்து, புடவை மாற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். விளக்கொளியில் செட்டியார் பொம்மை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழரை மணிக்கு அம்மா எழுந்தாள்.

"ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே. நம்மளப் பிடிக்கலையோ என்னமோ."

சித்தி அப்போது எங்களோடு தங்கி வங்கி வேலைக்குப் போய்வந்தாள். பஸ் கண்டக்டரையே வாயடைக்க வைப்பவள் என்று வீட்டில் பெயர். என் நோட்டை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நாளைக்கு நானும் இவளோட போறேன்க்கா. இன்னொரு தரம் கூப்பிட்டா என்ன."

மறுநாள் அந்தி நேரம். தெரு முழுக்கச் சாம்பிராணிப் புகை மஞ்சளாக மிதந்தது. முதல் வாசலில் சித்தி குனிந்து செருப்பு வாரைக் கழற்றி, மெதுவாக மறுபடி மாட்டினாள். அதன் பிறகே மணியை அடித்தாள்.

"முந்தாநாளே எங்க பொண்ணு வந்தா மாமி, நீங்க கோயிலுக்குப் போயிருந்தேளோ என்னமோ. அவசியம் வரணும்."

"பொண்ணு வாயே திறக்க மாட்டாளா?"

"சிமிழ நீட்டறாளே, போறாதா."

பதினொரு வாசலிலும் அந்த வார் கழன்றது. ஆறாவது வீட்டிலிருந்து, அவள் குனியும்போது கைப்பையை நான் வாங்கிக்கொண்டேன். கடைசி வீட்டில் எனக்கும் "வாங்கோ" என்று பாதிக் குரல் வந்தது.

அன்று எட்டு வீட்டார் வந்தார்கள். சுண்டல் பற்றாமல் போனதில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

சனிக்கிழமை சித்தியின் செருப்பை யாருக்கும் தெரியாமல் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் எடுத்துப்போனேன்.

"வாரு நல்லாத்தான் கீது பாப்பா. இன்னாத்த தெக்கச் சொல்றே?"

"ஒவ்வொரு வாசல்லயும் கழண்டுடறது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் திருப்திக்காக இரண்டு தையல் போட்டுக் கொடுத்தார்.

போன மாதம் அடையாறில் ஒரு கல்யாணம். அறுபதைத் தாண்டிய சித்தி மண்டப வாசலில் குனிந்தாள். காலில் இருந்தது வாரே இல்லாத செருப்பு. நான் கைப்பையை வாங்கிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். டிக்குகளுக்கு அடுத்த பக்கத்தில், கோடு போட்டு எழுதியிருந்தேன்: "சித்தி செருப்பு தைத்தாயிற்று. மறுபடியும் கழல்கிறது. தைத்தவருக்கு வேலை தெரியவில்லை."